ஏற்காட்டுக்கு வந்த தண்டவாளம்

ஏற்காடு பஸ் நிலையத்துக்குச் சற்று மேலே பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த ஓட்டுக் கட்டடத்தின் படம் ஒன்று இப்போது கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெயர்ப்பலகையில் மஞ்சள் மங்கி, கறுப்பு எழுத்துகள் உதிர்ந்து, 'ரயில்வே' என்ற சொல் மட்டும் மிச்சமிருக்கிறது. ஒரு காலத்தில் ஏற்காட்டுக்கு ரயில் ஓடியது, தண்டவாளத்தை வெள்ளைக்காரன் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான் என்று படத்தின் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். தன் தாத்தா அந்த ரயிலில் போயிருக்கிறார் என்று இன்னொருவர் சாட்சி சொல்கிறார். மூன்றாமவருக்குச் சுரங்கப்பாதை எங்கே இருக்கிறது என்பதுகூடத் தெரியும்.

சேலத்தில் டிக்கெட் பதிவில் வேலை பார்க்கும் கவிதா அந்தப் படத்தை எனக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டாள்.

"மேடம், நீங்க அங்கதானுங்க வேலை பாத்தீங்க? நெசமாலுமே ரயில் வந்துச்சுங்களா? இங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை நடக்குது."

"வரலை."

"அப்புறம் அங்க என்னங்க பண்ணுனீங்க, அத்தனை வருசம்?"

நியாயமான கேள்வி. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். இந்த ஆண்டு ஊழியர் மலருக்கு அதை எழுதித் தரும்படி கவிதா கேட்டதால் எழுதுகிறேன்.

ஏற்காட்டில் இருந்தது அவுட் ஏஜென்ஸி. ரயில் போக முடியாத ஊரில் ரயில்வே திறந்து வைக்கும் கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சேலம் வரை ரயில் வந்த காலத்தில், மலைக்கும் அதை ஏற்ற வேண்டும் என்று காபித் தோட்டக்காரர்கள் கேட்டதாகவும், மலையின் செங்குத்தைப் பார்த்துவிட்டு அளக்க வந்தவர்கள் கும்பிடு போட்டுவிட்டுப் போனதாகவும் சொல்வார்கள். ரயில் வரவில்லை. ஸ்டேஷன் மட்டும் வந்தது. காபி மூட்டையோ ஆரஞ்சுக் கூடையோ பேரிக்காய்ப் பெட்டியோ, எதுவானாலும் எங்கள் கவுண்டரில் எடை போட்டு ரசீது வாங்கிவிட்டால், அந்த நிமிடத்திலிருந்து அது ரயில்வேயின் பொறுப்பு. லாரி அதைச் சேலம் ஜங்ஷனில் இறக்கும். மனிதர்களுக்கும் அதே ஏற்பாடுதான். ஏற்காட்டிலிருந்து மெட்ராஸுக்கு ஒரே அட்டை டிக்கெட். மலையிறங்கும் பஸ்ஸும் அந்த டிக்கெட்டிலேயே அடக்கம். லாரியும் பஸ்ஸும் ஒப்பந்தக்காரருடையவை. கவுண்டரும் முத்திரையும் எங்களுடையவை.

என் அப்பா நாகலூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். மிஷன் பள்ளியில் படித்து, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் முடித்து, ரயில்வே தேர்வு எழுதினேன். பயிற்சிப் பள்ளியில் எங்களுக்குக் கற்றுத் தந்ததன் சாரம் இவ்வளவுதான்: எல்லாவற்றுக்கும் ஒரு விதி உண்டு, விதி இல்லாததற்கு மேலதிகாரி உண்டு. உலகத்தைப் பார்க்கலாம் என்று வேலைக்குச் சேர்ந்தவளுக்கு, சொந்த ஊர் என்று சலுகை காட்டி ஏற்காட்டிலேயே போஸ்டிங் போட்டார்கள். "ரயிலே இல்லாத ஊருல ரயில்வே வேலையாமா. நாளைக்கிக் கடலே இல்லாத ஊருல கப்பல் வேலையும் குடுப்பாங்க" என்றார் என் சித்தப்பா.

ஏஜென்ஸியின் தலைமை எழுத்தர் நடேசன் சார். சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரர், ஒல்லி, கறுப்புக் கோட்டு. ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். அதில் பாதி மரியாதை, பாதி கேலி. ஏனென்றால் அவர் அந்த இடத்தை முழு ஸ்டேஷனாகவே நடத்தினார். காலையில் ஜங்ஷன் டெலிபோனில் நேரம் சொல்லும். நின்றபடியே கேட்டு, சுவர்க் கடிகாரத்தைத் திருத்துவார். கரும்பலகையில் பஸ்ஸின் பெயருக்கு எதிரே 'ரைட் டைம்' என்று எழுதுவார். வாசல் விட்டத்திலிருந்து ஒரு கை நீளத் தண்டவாளத் துண்டு சங்கிலியில் தொங்கியது. ஏற்காட்டுக்கு வந்து சேர்ந்த ஒரே தண்டவாளம் அதுதான். பஸ் புறப்படும் முன் இரும்புக் கம்பியால் அதை அடிப்பார். முதல் மணி, பிறகு இரண்டாம் மணி. அதன்பின் பச்சைக் கொடியை விரித்துப் பிடிப்பார். கொடி விரியாமல் எந்த டிரைவரும் கியர் போட்டதில்லை. ஒருவர் போட்டுப் பார்த்தார். சார் திட்டவில்லை. பஸ்ஸை நிறுத்தி, படியில் ஏறி நின்று, சம்பந்தப்பட்ட விதியைப் பயணிகள் அனைவருக்கும் கேட்கும்படி முழுவதும் வாசித்தார். அது நீளமான விதி. பயணிகளே அந்த டிரைவரை அதன்பின் பார்த்துக்கொண்டார்கள்.

சந்தைக்குப் போகிறவர்கள் வாசலில் நின்று கேட்பார்கள்.

"ஏனுங்க மாஸ்டர், இன்னைக்கி இஞ்சின் எங்கீங்க?"

"சேலத்துல தண்ணி புடிச்சுக்கிட்டு நிக்குதுங்க. நீங்க டிக்கெட் எடுங்க."

ஒரு முறை ஓய்வு பெற்ற தோட்ட முதலாளி ஒருவர் தன் நாயுடன் வந்தார். விதிப்படி நாய், ரயிலின் கடைசியில் இருக்கும் கார்டு வண்டியில், நாய்ப்பெட்டியில்தான் போக வேண்டும். பஸ்ஸில் கார்டு வண்டி ஏது? இந்தச் சிக்கலை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சிரிக்கலாம் என்று நான் ஆவலாக இருந்தேன். சார் கடைசி வரிசை இருக்கையின் கீழே சாக்கட்டியால் ஒரு சதுரம் வரைந்து, உள்ளே 'நாய்ப்பெட்டி' என்று எழுதி, நாய்க்கு ரசீது போட்டார். நாய் அந்தக் கோட்டுக்குள் சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. இதற்கு மேல் ஏளனம் செய்ய எதையும் அவர்கள் இருவரும் எனக்கு விட்டுவைக்கவில்லை.

ஒரு நாள் நேராகவே கேட்டுவிட்டேன். "சார், இது பஸ். கொடி, மணி எல்லாம் எதுக்குங்க?"

எடைத் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "டிக்கெட் வாங்கிப்போட்டா அவங்க ரயில்ல ஏறியாச்சு, கண்ணு. தண்டவாளம் இங்க இல்லையேங்கறது நம்ம கஷ்டம். அவங்க கஷ்டம் இல்லீங்க." கண்ணு என்று கூப்பிடுவார், அதே மூச்சில் ங்க-வும் போடுவார். காபி மூட்டையைக்கூட அவர் ங்க போட்டுத்தான் தள்ளுவார்.

அந்த வாக்கியம் அழகாக இருந்தது. ஆனால் அழகான வாக்கியங்களை நம்பக் கூடாது என்பதற்காகத்தானே நான் இலக்கியம் படித்தேன். அதனால் மேலும் ஓர் ஆண்டு காத்திருந்தேன்.

கரடியூர், நாகலூர், வெள்ளக்கடைப் பிள்ளைகள் படித்த ஒரு பள்ளியின் பெண்கள் கோ-கோ அணி மாவட்டத்தில் ஜெயித்து, மெட்ராஸில் மாநிலப் போட்டிக்குத் தேர்வானது அந்த மழைக்காலத்தில்தான். எஸ்டேட் கூலிகளின் மகள்கள், மலை விவசாயிகளின் மகள்கள். அதில் ஒருத்திகூட ரயிலைப் பார்த்ததில்லை. அணித் தலைவி செல்வி கரடியூர்க்காரி. அவள் அப்பா தினையும் கொஞ்சம் காபியும் வைத்திருந்தார். விளையாட்டு டீச்சர் லூர்துமேரி சலுகைக் கடிதத்தோடு வந்து மொத்த டிக்கெட் வாங்கினார். ஆட்டம் மறுநாள் காலையில். அன்று மாலை ரயிலை விட்டால், அடுத்த ரயில் மெட்ராஸ் போய்ச் சேரும்போது மத்தியானமாகிவிடும். பெயர் கூப்பிடும்போது மைதானத்தில் இல்லாத அணி தோற்றதாகக் கணக்கு. டீச்சர் இதை எங்களிடம் மட்டுமல்ல, எடைத் தராசிடமும் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவு பதற்றம்.

சார் மணி அடித்தார். கொடி விரித்தார். பஸ் மழையில் மலையிறங்கியது.

சிறிது நேரத்தில் கீழேயிருந்து ஓர் எஸ்டேட் ஜீப் வந்து நின்றது. டிரைவர் அந்தோணி நனைந்த துண்டோடு உள்ளே வந்தார்.

"மாஸ்டர், உங்க ரயிலு மூணாவது வளைவுக்குக் கீழ நிக்குதுங்க. நொம்பப் பெரிய சில்வர் ஓக் ஒண்ணு ரோட்டுக்குக் குறுக்கால சாஞ்சு போச்சு. நான் அந்தப் பக்கமா, காட்டு வழியில ஏத்திக்கிட்டு வந்தேன். பஸ்ஸு அதுல போகாதுங்க."

"யாருக்கும் அடி உண்டுங்களா?"

"இல்லீங்க. ஆளுங்க ரம்பம் எடுத்தாரப் போயிருக்காங்க. அறுத்துத் தள்ளிரலாம். நேரந்தான் ஆகும்."

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். மரம் அறுந்தாலும் ரயில் கிடைக்காது. அந்த இடத்தில் என் புத்தி எனக்குச் சொன்ன அடுத்த காரியம், பயன்படுத்தாத டிக்கெட்டுக்குப் பணம் திருப்பித் தருவதற்கான படிவத்தைத் தேடுவது. அந்தப் படிவம் எங்கே இருக்கிறது என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

சார் டெலிபோனை எடுத்தார். எங்களுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவே ரயில்வேயின் சொந்தக் கம்பி ஒன்று மரம் மரமாகத் தாவிப் போய்க்கொண்டிருந்தது. மழைக்காலத்தில் அதில் பாதி நாள் குரங்குகள் மட்டுமே பேசும். அன்று பேசியது. ஜங்ஷன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லி, தன்னைக் கன்ட்ரோலோடு இணைக்கச் சொன்னார். எந்த ரயில் எங்கே நிற்க வேண்டும், எது போக வேண்டும் என்று தீர்மானிக்கிற அலுவலகம் அது. இணைப்பு ரயில் தாமதமானால், அதில் வருகிற பயணிகளுக்காகப் பெரிய ரயிலைச் சிறிது நேரம் பிடித்து வைக்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த விதி நானும் படித்ததுதான். நிஜ ரயில்களுக்கான விதி என்று நினைத்திருந்தேன்.

கன்ட்ரோலில் அன்று இருந்தவர் பணிக்குப் புதிது போலிருக்கிறது. குரல் கறாராக, அலுவலகம் முழுக்கக் கேட்கும்படி வந்தது.

"ஏற்காடு இணைப்பு தாமதம்னா எவ்வளவு பயணிங்க?"

சார் சொன்னார். முழு அணி, ஒரு டீச்சர், மற்றவர்கள்.

"எத்தனை பெட்டி?"

"ஒண்ணுதானுங்க."

"லைன்ல என்ன?"

"மரம் விழுந்திருக்குதுங்க. அறுத்துக்கிட்டு இருக்காங்க."

"அங்க பிளாட்பாரம் இருக்கா?"

"இருக்குதுங்க." அதுவும் உண்மைதான். லாரியில் மூட்டை ஏற்ற உயரமாகக் கட்டிய ஒன்று இருந்தது.

பிறகு அந்தக் குரல், ரயிலைப் பிடித்து வைக்கிறோம், ஆனால் குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடமும் இல்லை என்றது.

"உங்க பேருங்க?" என்றார் சார். அந்தப் பெயரையும் கடிகாரத்தில் தெரிந்த நேரத்தையும் மெதுவாக எழுதிக்கொண்டார். பேசியவர் பெயரும் நேரமும் இல்லாத செய்தி, செய்தியே அல்ல, வதந்தி என்பது அவருடைய சித்தாந்தம். மலையே சரிந்தாலும் முதலில் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் ஓடுவார்.

"சார், அவரு ரயில்னு நெனச்சுக்கிட்டாருங்க" என்றேன்.

"அவரு கேட்டதுக்கெல்லாம் சரியாத்தானுங்க சொன்னேன்." கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் வழக்கம் ரயில்வேயில் கிடையாது. அது எனக்குத் தெரியாதா என்ன. "நீ அந்தோணி கூடக் கீழ போ, கண்ணு. மழையில உக்கார முடியாம சனங்க எறங்கி நடந்துட்டாங்கன்னா, இணைப்புன்னு ஒண்ணு இல்லாமப் போயிரும். ரயில் நிக்குதுன்னு சொல்லி எல்லாத்தையும் உக்கார வை. அவங்க கூடவே போய் ஏத்திவிட்டுப்போட்டு வா."

ஜீப்பில் போகும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரிய ரயிலை நிறுத்தி வைத்திருப்பது, ஒரு கொண்டை ஊசி வளைவில் நிற்கும் ஒப்பந்தக்காரரின் ஓட்டை பஸ். இது தெரிந்தால் சார் என்ன ஆவார்? ஓய்வு பெற அவருக்கு அதிக காலம் இல்லை.

வளைவில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பெண்கள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, அறுத்த கிளைகளை வரிசையாக நின்று இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"கையக் கிழிச்சுக்காதீங்க புள்ளைங்களா, நாளைக்கி ஆடோணும்" என்று லூர்துமேரி டீச்சர் குடையோடு கத்தினார்.

"கோ-கோவுக்குக் காலு போதுங்க டீச்சர்" என்றாள் செல்வி.

நான் செய்தியைச் சொன்னேன். "ரயில் உங்களுக்காக நிக்குது."

யாரும் நம்பவில்லை. "எங்களுக்காவா?" என்றாள் செல்வி. "மிஸ், எங்களுக்கு நாகலூர் பஸ்ஸே நிக்காதுங்க. கைய காட்டுனா இன்னும் வேகமாப் போவான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அது தைத்தது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எந்த வண்டியும் நின்றதில்லை. எனக்கும் நின்றதில்லை. பள்ளிக்கு நான் பாதி நாள் நடந்துதான் போயிருக்கிறேன். சாரின் விதிகளைச் சிரிக்காமல் சொல்ல எனக்கு எப்போதும் வராது. அன்று வந்தது. "மெட்ராஸ் டிக்கெட் உங்க கையில இருக்குது. நீங்க ஏற்கெனவே ரயில்லதான் இருக்கீங்க. அதனால அது நின்னே ஆகோணும். ஏறுங்க" என்றேன்.

மரத்தின் கடைசித் துண்டு பள்ளத்தில் உருண்டது. பஸ் கிளம்பியது. டிரைவர் வழக்கமாக ஒவ்வொரு வளைவிலும் சாமியைக் கூப்பிடுவார். அன்று கூப்பிட நேரமில்லை.

ஜங்ஷனில் ரயில் நின்றது. விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு, நீளமாக, எங்களுக்காக நின்றது. பிளாட்பாரத்தின் கோடியில் கார்டு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிளைத் தூளும் சேறுமாகப் பிள்ளைகள் ஓடிவருவதைப் பார்த்ததும் என்னைக் கேட்டார்.

"ஏம்மா, ஏற்காடு வண்டி எந்தப் பிளாட்பாரத்துக்கு வந்துச்சு? நானும் ரெண்டு பக்கமும் பாத்துக்கிட்டேதான் நிக்கிறேன்."

"வெளிய நிக்குதுங்க சார். ஜட்கா ஸ்டாண்டு பக்கத்துல."

அவர் ஒரு கையால் பச்சைக் கொடியைக் காட்டிக்கொண்டே மறு கையால் தலையில் அடித்துக்கொண்டார். கடைசியாக ஏறியது செல்வி. படியில் காலை வைத்துவிட்டு ஒருமுறை எடுத்தாள், மறுபடி வைத்தாள். ரயில் என்பது உண்மைதானா என்று சோதித்தாள் என்று நினைக்கிறேன்.

முதல் ஆட்டத்திலேயே அவர்கள் தோற்றார்கள். கதை வேறு மாதிரி முடிந்திருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு என் அனுதாபம். திரும்பி வந்ததும் செல்வி கவுண்டருக்கு வந்து, "தோத்துட்டோமுங்க" என்றாள் சாரிடம். "ஆனா ஆடித்தானுங்க தோத்தோம்." சார் அதைத் தாமதம் குறித்த அறிக்கையின் பின்னிணைப்பாகச் சேர்க்க வேண்டும் என்றார். வேடிக்கையாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு வர வேண்டியது வந்தது. ஒரு பஸ்ஸுக்காக ரயிலை நிறுத்தியது ஏன் என்று விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம், அதன்பின் விசாரிக்க ஓர் இன்ஸ்பெக்டர். மலைக்கு ரயில் இல்லாததால் அவரும் எங்கள் பஸ்ஸில்தான் வர வேண்டியிருந்தது. வளைவுகள் அவரைப் படுத்தியிருந்தன. வெளுத்த முகத்தோடு இறங்கி, வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். சார் எலுமிச்சம்பழம் கொடுத்தார், நாற்காலி போட்டார், பஸ் தாமதமாக வந்ததற்கு முறைப்படி வருத்தம் தெரிவித்தார்.

இன்ஸ்பெக்டர் கரும்பலகையைப் பார்த்தார், கொடியைப் பார்த்தார், தொங்கும் துண்டைப் பார்த்தார்.

"என்னய்யா இது? லைன் எங்கய்யா?"

"இன்னும் வரலீங்க. வந்தா நிறுத்த எடம் இருக்குதுங்க."

நான் கோப்புக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சார் சிரிக்கவில்லை. கால அட்டவணையைத் திறந்து, எங்கள் பஸ் இணைப்புச் சேவையாக அச்சாகியிருந்த பக்கத்தையும், ஏஜென்ஸி டிக்கெட் வாங்கியவரின் பயணம் ஏற்காட்டிலேயே தொடங்குகிறது என்ற விதியையும் காட்டினார். "இந்த ரெண்டையும் நான் எழுதலீங்க. நம்பினது மட்டும் நான்" என்றார்.

இன்ஸ்பெக்டர் எலுமிச்சையை முகர்ந்தபடி நீண்ட நேரம் படித்தார். மறுபடி அதே வளைவுகளில் இறங்க வேண்டுமே என்ற கவலையும் அவர் மனதில் இருந்திருக்கலாம். சில வாரங்களில் உத்தரவு வந்தது. சார்மீது நடவடிக்கை இல்லை. ஏற்காடு பஸ் தாமதமானால் இனி ஜங்ஷனுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், இயன்றவரை ரயிலைப் பிடித்து வைக்க வேண்டும். கண்டிக்க வந்தவர்கள், நடந்ததை விதியாக்கிவிட்டுப் போனார்கள். சார் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். ஓய்வு பெற்றுப் போகிற வரை தினமும் தானே துடைத்தார்.

அவருக்குப் பின் நான் இருந்தேன். மணியையும் கொடியையும் விடவில்லை. கூச்சம் ஒரு மாதத்தில் போய்விட்டது. பிறகு லாரிகள் நேரடியாகத் தோட்டத்துக்கே வந்தன. பிறகு கம்ப்யூட்டர், பிறகு கைப்பேசி. ஏஜென்ஸியை மூடினார்கள். என்னைச் சேலத்துக்கு மாற்றினார்கள். அங்கே நிஜ ரயில்களைப் பார்த்துக்கொண்டே ஓய்வு பெற்றேன். கட்டடத்தில் குரங்குகள் குடியேறின. அந்த டெலிபோன் கம்பியின் பழைய சந்தாதாரர்கள் என்ற முறையில் அவற்றுக்கு உரிமை உண்டு.

இதை எழுதுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று போன வாரம் அங்கே போனேன். பூட்டு இல்லை. ஓடு மாற்றியிருந்தார்கள், சுவருக்கு வெள்ளை அடித்திருந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு ஓய்வறையாக்குகிறார்களாம். பெயர்ப்பலகையை என்ன செய்வது என்று கொத்தனார் என்னைக் கேட்டார். கழுவி அங்கேயே மாட்டச் சொன்னேன். அதிகாரம் இல்லாத உத்தரவுதான். பணிவாகக் கேட்டுக்கொண்டார்.

தண்டவாளத் துண்டு அதே சங்கிலியில் தொங்கியது.

சாயங்காலம் சேலம் பஸ் அதன் முன்னே வந்து நின்றது. நேரமாகியும் கிளம்பவில்லை. கண்டக்டர், இளைஞர், கையில் ஸ்பேனரோடு நாகலூர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏனுங்க தம்பி, எடுக்கலீங்களா?"

"நாகலூர் பஸ்ஸு இன்னும் வரலீங்கம்மா. சேலத்துல தங்கிப் படிக்கற புள்ளைங்க அதுலதான் வருவாங்க. உட்டுப்போட்டுப் போனா ராத்திரிக்கி எங்க போவாங்க?"

"நிக்கச் சொல்லி உத்தரவு இருக்குதுங்களா?"

"உத்தரவெல்லாம் இல்லீங்க. நான் வந்ததுலருந்து இப்படித்தானுங்க. அந்தப் பஸ்ஸு வந்தாத்தான் இதை அடிப்போம். அடிச்சாத்தான் டிரைவர் அண்ணன் எடுப்பாரு."

"எதுக்கு அடிக்கறீங்கன்னு தெரியுங்களா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பஸ்ஸு கெளம்பறதுக்குத்தானுங்க."

நாகலூர் பஸ் வளைவில் திரும்பியது. பைகளோடு பெண்கள் இறங்கினார்கள். ஓடவில்லை, நடந்து வந்தார்கள். வண்டி நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். கடைசிப் பெண் ஏறியதும் கண்டக்டர் ஸ்பேனரால் தண்டவாளத்தை அடித்தார். முதல் மணி, பிறகு இரண்டாம் மணி.

பஸ் கிளம்பும் முன் ஜன்னலைத் தட்டி அவர் பெயரைக் கேட்டேன். நேரத்தையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். ஆகவே கவிதாவும் இரண்டு கட்சிக்காரர்களும் இதைச் செய்தியாகவே எடுத்துக்கொள்ளலாம்.